நான்கு முறை இரண்டாமிடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில் அமெரிக்க ரேஸர் ராண்டி மமோலாவை ‘ஜாம்பவான்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதை நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். கல்லூரிக் காலத்திலிருந்து சேர்ந்தே ரேஸ் பார்த்தவர்கள் நாங்கள். 2023 செப்டம்பரில் நொய்டா பக்கம் மோட்டோ ஜிபி என்ற உலகப் பட்டப் பந்தயம் நடந்தபோதும் ஒன்றாகத்தான் ரயிலேறிப் போனோம். கட்டுரையைப் படித்ததும் கூப்பிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டான்.

அவன் கேட்பது இதுதான். மமோலா நான்கு முறை இரண்டாமிடம் வந்தார். ஒரு முறைகூட உலகப் பட்டம் வாங்கவில்லை. நான்கு முறை இரண்டாமிடம் என்றால் நான்கு முறை தோற்றார் என்றுதானே அர்த்தம்? தோற்றவரையும் ஜாம்பவான் என்றால் ஜெயித்தவரை என்னவென்று அழைப்பது? பட்டம் வாங்காதவர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவது நம் இலக்கியக்காரர்களின் பழைய நோய், ஸ்பெயின் ரேஸர் டானி பெட்ரோசாவுக்கும் இதே அனுதாபம்தான் என்கிறான்.

எனக்கு மமோலாவைப் பிடிக்கும். இத்தாலியின் மிசானோ மைதானத்தில் அவர் விழாமல் தப்பிய வீடியோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பட்டம் இல்லாமல் ஒரு ரேஸர் ஜாம்பவான் ஆவது எப்படி? அதற்கு அளவுகோல் ஏதாவது உண்டா?

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டம் பெரிய விஷயம். எடி லாசன் அன்றைய உச்சப் பிரிவான 500 சிசியில் 1984, 1986, 1988, 1989 என நான்கு பட்டங்கள் வாங்கினார். கடைசிப் பட்டம் யமஹாவை விட்டு ஹோண்டாவுக்கு மாறிய முதல் ஆண்டிலேயே வந்தது. அவருக்கு ‘ஸ்டெடி எடி’ என்று பெயர். வண்டி சரியில்லாத நாளில் மூன்றாமிடமே போதும் என்று ஓட்டி, புள்ளியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பார்க்கிறவர்களுக்கு அதில் சுவாரசியம் குறைவாக இருக்கலாம். ஆனால் இன்று இதற்கு மேல் முடியாது என்று தெரிந்து நிறுத்திக்கொள்வது ஒரு ரேஸருக்கு எவ்வளவு கடினம் என்பதை அந்தக் காலத்தில் விழுந்து எலும்பு முறிந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் தெரியும். லாசனின் பட்டங்களை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

நண்பர் சொன்ன அனுதாப விஷயத்திலும் நான் அவர் கட்சிதான். பாவம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்காக யாரும் ஜாம்பவான் ஆகிவிட முடியாது. ஜப்பான்காரர் நோரியூகி ஹாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சூப்பர்பைக் பந்தயத்தில் 43 வெற்றிகள், பட்டம் ஒன்றுகூட இல்லை. 2007-இல் ஜேம்ஸ் டோஸ்லண்ட் அவரை 2 புள்ளியில் முந்தினார். 2009-இல் பென் ஸ்பீஸ் 6 புள்ளியில் முந்தினார். கணக்காகப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் அவருடைய 41-ஆம் எண் கொடியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய மைதானங்களுக்கு வந்த கூட்டம் அந்த 2 புள்ளிக்காகவும் 6 புள்ளிக்காகவும் வரவில்லை. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, அந்த வழுக்கலிலேயே வண்டியைத் திருப்பி அவர் வளைவை விட்டு வெளியேறுவதைப் பார்க்க வந்தார்கள். பட்டம் வாங்கியிருந்தாலும் அதற்காகத்தான் வந்திருப்பார்கள்.

அப்படியென்றால் பட்டம் எதை அளக்கிறது? 1987 வரை இருந்த புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கு 15, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10, அப்படியே இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆண்டில் யார் அதிகம் சேர்த்தார் என்ற கேள்விக்கு அது சரியான பதில். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்.

நான் வைத்திருக்கும் உரைகல் வேறு. ஒரு ரேஸரை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். மற்றவர்களுடைய கதை அப்படியே நிற்கிறதா, எங்காவது சரிகிறதா? பட்டம் வாங்கியவர்களிலேயே சிலரை எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, அந்த ஆண்டுக்கு நேரே வேறொரு பெயர் வரும், அவ்வளவுதான். பட்டமே வாங்காத சிலரை எடுத்துவிட்டால் பின்னால் வந்தவர்கள் செய்தது பாதி புரியாமல் போய்விடும்.

கிளாஸ்கோ நகரத்துக்காரர் பாப் மெக்கின்டயரைப் பற்றி உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டி.டி. பந்தயம் மைதானத்தில் ஓடுவதில்லை. ஊர்ச் சாலையில் ஓடுவது. வீட்டு மதில், தந்திக் கம்பம், கல் பாலம், மலைப்பாதை எல்லாம் அதில் உண்டு. ஒரு சுற்று ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்தச் சுற்றை மணிக்குச் சராசரியாக 100 மைல் வேகத்தில் முடிப்பது என்பது பல வருடங்களாக எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. செய்தவர் யாரும் இல்லை. 1957-இல் டி.டி.யின் பொன்விழா. அதற்காக சீனியர் பந்தயத்தை எட்டுச் சுற்றாக நீட்டியிருந்தார்கள், 300 மைலுக்கு மேல். கிலேரா வண்டியில் மெக்கின்டயர் அந்தக் கோட்டைத் தாண்டினார். அவருடைய வேகமான சுற்று மணிக்கு 101.12 மைல். ஏதோ ஒரு சுற்றில் காற்று சாதகமாக அடித்து வந்த வேகம் என்று சொல்லிவிட முடியாதபடி அதே பந்தயத்தில் மறுபடியும் மறுபடியும் 100-ஐத் தாண்டினார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தபோது இரண்டாவதாக வந்தவர் ஜான் சர்ட்டீஸ். மோட்டார் சைக்கிளிலும், பிற்காலத்தில் ஃபார்முலா ஒன் காரிலும் உலகப் பட்டம் வாங்கிய ஒரே மனிதர் அவர்.

அதே ஆண்டு நவம்பரில் மெக்கின்டயர் இத்தாலியின் மோன்ஸா மைதானத்துக்குப் போய் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்றார். 350 சிசி வண்டி. மோன்ஸாவின் சரிவான கான்கிரீட் ஓடுபாதை மேடும் பள்ளமுமாக இருக்கும், வண்டி தூக்கித் தூக்கிப் போடும். இன்றைய சஸ்பென்ஷனும் இல்லை, இன்றைய டயரும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஓட்டிய தூரம் 141 மைல், அதாவது 227 கிலோமீட்டர். 1964-இல் மைக் ஹெயில்வுட் 500 சிசி எம்.வி. அகஸ்டாவை அமெரிக்காவின் டேட்டோனா மைதானத்துக்குக் கொண்டுபோய்த்தான் அதை முறியடிக்க முடிந்தது.

இவ்வளவு செய்தும் 1957-இல் 500 சிசி பட்டம் அவருடைய சக கிலேரா வீரர் லிபெரோ லிபெராட்டிக்குப் போனது. மெக்கின்டயர் நடுவில் நெதர்லாந்தின் அசன் பந்தயத்தில் விழுந்து அடிபட்டிருந்தார். அந்த ஆண்டோடு கிலேரா கம்பெனியே பந்தயத்தை விட்டு விலகியது. 1962 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் மைதானத்தில் மழையில் விழுந்து, சில நாள் கழித்து இறந்துபோனார். உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. ஆனால் டி.டி.யில் இன்று 130 மைலுக்கு மேல் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவர் உடைத்த சுவருக்கு அந்தப் பக்கம் ஓட்டுகிறவர்கள்தான். அவரை எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்தச் சாலையின் கதையை எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாது.

இன்னொருவர், விழுந்ததாலேயே பேர் வாங்கியவர். நோரிஃபூமி ஆபே. 1994-இல் ஜப்பானின் சுசூகா மைதானத்தில் அவருக்கு ‘வைல்டு கார்டு’ என்ற முறையில் ஒரே ஒரு பந்தயத்துக்கு இடம் கொடுத்தார்கள். வயது 18. ஹெல்மெட்டுக்குக் கீழே நீளமான முடி பறக்க, உலகச் சாம்பியன் கெவின் ஷ்வான்ட்ஸோடும் மிக் டூஹனோடும் முதலிடத்துக்கு மல்லுக்கட்டினார். பதினெட்டு வயசுப் பையன் அவர்களை உள்பக்கமாகப் புகுந்து முந்துகிறான், அவர்கள் திருப்பி முந்துகிறார்கள், அவன் விடவில்லை. மூன்று சுற்று மிச்சமிருக்கையில் முதல் வளைவில் விழுந்தார். அன்று அவருக்குப் புள்ளி பூஜ்யம். பட்டியலில் பார்த்தால் ‘முடிக்கவில்லை’ என்று ஒரு வரி இருக்கும்.

அந்தப் பந்தயத்தை இத்தாலியில் டிவியில் பார்த்த ஒரு பையன் அதிலிருந்து மீளவே இல்லை. அவன் தனக்குத்தானே ‘ரோஸ்ஸிஃபூமி’ என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டான். அவன்தான் வாலென்டினோ ரோஸ்ஸி. ஒன்பது உலகப் பட்டம் வாங்கியவர் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது உலகப் பட்டமே வாங்காத ஒருவரின் பெயரை. ஆபே பின்னால் 500 சிசியில் மூன்று பந்தயங்கள் ஜெயித்தார், அதில் இரண்டு அதே சுசூகாவில். 2007 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார். உங்கள் நண்பரின் கணக்குப்படி அவர் மூன்று வெற்றிக்காரர் மட்டும்தான். ரோஸ்ஸியின் கணக்கு வேறாக இருந்திருக்கிறது. இதில் நான் ரோஸ்ஸியைத்தான் நம்புவேன்.

இங்கே ரென்ஸோ பசோலினியைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. ரிமினி ஊர்க்காரர், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரேஸ் ஓட்டியவர். 1972-இல் 250 சிசி பட்டம் ஃபின்லாந்தின் யார்னோ சாரினெனுக்குப் போனது, 94 புள்ளி. பசோலினிக்கு 93. அடுத்த ஆண்டு மே 20 அன்று மோன்ஸாவில் முதல் சுற்றிலேயே நடந்த பெரிய விபத்தில் இருவரும் இறந்தார்கள். 1986-இல் டுகாட்டி கம்பெனி ஒரு புதிய வண்டியைக் கொண்டுவந்தபோது, அதை வடிவமைத்த மாஸிமோ தம்புரினி, அவரும் ரிமினிக்காரர்தான், அதற்கு ‘பாசோ’ என்று பெயர் வைத்தார். பசோலினியை ரசிகர்கள் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. டுகாட்டியில் அவர் உலகப் பட்டம் வாங்கவில்லை. எதிலும் வாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் போதும் என்று தம்புரினிக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, மமோலா. கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கத்துப் பையன், 1959-இல் பிறந்தவர். 1980-இல் 500 சிசியில் முதல் முழு ஆண்டு ஓட்டியபோது வயது 20. அந்த ஆண்டே இரண்டு பந்தயங்கள் ஜெயித்து, தொடர்ந்து இரண்டு ஆண்டு சாம்பியனாக இருந்த கென்னி ராபர்ட்ஸுக்கு அடுத்ததாக வந்தார். புள்ளிகள் 87-க்கு 72. 1981-இல் மார்கோ லூக்கினெல்லிக்கு அடுத்து, 105-க்கு 94. 1984-இல் லாசனுக்கு அடுத்து. 1987-இல் வெய்ன் கார்ட்னருக்கு அடுத்து.

‘நான்கு முறை தோற்றார்’ என்று நண்பர் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இந்த நான்கு முறையும் முதலிடத்தில் வேறு வேறு ஆள். மமோலாவின் வண்டியும் மாறியது. முதல் இரண்டு முறை சுசூகி, 1984-இல் ஹோண்டா, 1987-இல் யமஹா. மூன்று கம்பெனிகளின் வண்டிகள், ஒவ்வொன்றின் குணமும் வேறு, எஞ்சின் வைக்கப்பட்ட விதமே வேறு. எதில் ஏற்றினாலும் இந்த மனிதர் உச்சிக்கு ஒரு படி கீழே வந்து நிற்கிறார். 1980 முதல் 1987 வரையான எட்டு ஆண்டுகளில் ஆறு முறை அவர் முதல் மூவருக்குள் இருந்தார். சாம்பியன்கள் வந்தார்கள், போனார்கள், காயம்பட்டு விலகினார்கள். ஒவ்வொருவரும் பட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் மமோலாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ராபர்ட்ஸ் ஓய்வுபெற்ற பிறகு சொந்தமாக 500 சிசி அணி தொடங்கியபோது, தான் 1980-இல் முந்திய இதே பையனைத்தான் தன் வண்டியில் ஏற்றினார். யார் எவ்வளவு என்பது எதிரில் ஓட்டியவனுக்குத்தானே சரியாகத் தெரியும்?

1984 ஆண்டை மட்டும் தனியாகப் பாருங்கள். முந்தைய ஆண்டு முடிவில் சுசூகி கம்பெனி தன் அணியைக் கலைத்துவிட்டது. மமோலாவுக்கு வண்டி இல்லை. முதல் இரண்டு பந்தயங்களில் அவர் ஓட்டவே இல்லை. மூன்றாவதிலிருந்து ஹோண்டாவின் மூன்று சிலிண்டர் வண்டியில் ஏறினார். அசன், சில்வர்ஸ்டோன், முகெல்லோ என்று மூன்று பந்தயங்களை ஜெயித்து இரண்டாமிடத்தில் முடித்தார். பட்டியலில் அது வெறும் ‘2’ என்றுதான் இருக்கும்.

அவர் மழையில் ஓட்டிய விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1985-இல் அசன், 1986-இல் பெல்ஜியத்தின் ஸ்பா, 1987-இல் சுசூகா, இவை எல்லாம் ஈரத் தரையில் கிடைத்த வெற்றிகள். ஈரத்தில் எஞ்சினின் கூடுதல் சக்தி பயன்படாது. வலது மணிக்கட்டு எவ்வளவு மென்மையாக ஆக்சிலரேட்டரைத் திருகுகிறது என்பதுதான் கணக்கு. அந்த 500 சிசி வண்டிகள் டூ ஸ்ட்ரோக். யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு கட்டம் வரை சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, குறிப்பிட்ட சுற்று வேகம் வந்ததும் திடீரென்று உதைத்துக்கொண்டு பாயும். அந்த உதை 100 சிசியில் நமக்கு ஒரு சந்தோஷம். 130 குதிரைத்திறனுக்கு மேல், சுமார் 120 கிலோ எடை, முழுச் சக்தியும் வரும் சுற்று வேக எல்லை (பவர்பேண்ட்) மிகக் குறுகியது, இன்றைக்கு இருப்பது போல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை என்றால் அந்த உதை ஆளைக் கொல்லும். வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை ஒரு இழை கூடுதலாகத் திருகினால் பின்சக்கரம் வழுக்கும். பயந்து சட்டென்று மூடினால் டயர் மறுபடி தரையைக் கவ்வும், சாய்ந்திருந்த வண்டி ஸ்பிரிங் போல நிமிர்ந்து மேலே இருப்பவரை ஆகாயத்தில் எறியும். ஹைசைடு என்பார்கள். அந்தக் காலத்து ரேஸர்களின் கணுக்காலும் தோள்பட்டையும் உடைந்தது பெரும்பாலும் இதில்தான்.

நீங்கள் பலமுறை பார்த்ததாகச் சொல்லும் மிசானோ வீடியோவில் நடப்பது அதுதான். 1985, சான் மரீனோ கிராண்ட் பிரி என்ற உலகப் பட்டப் பந்தயம். பின்சக்கரம் வழுக்குகிறது, கவ்வுகிறது, மமோலா சீட்டிலிருந்து மேலே போகிறார். இந்த இடத்தில் எந்த ரேஸரும் கையை விட்டுவிடுவார். விட வேண்டும் என்றுதான் சொல்லித்தருவார்கள், ஏனென்றால் வண்டியோடு உருளுவது இன்னும் ஆபத்து. மமோலா விடவில்லை. கீழே வரும்போது இரண்டு காலும் ஒரே பக்கம், உடம்பு வண்டியின் பக்கவாட்டில் தொங்குகிறது, கைகள் மட்டும் ஹேண்டில்பாரில். உடம்பின் கனம் இழுக்க, மணிக்கட்டு ஆக்சிலரேட்டரை இன்னும் திருகும் நிலை. வண்டி பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடுகிறது. அந்த ஓட்டத்திலேயே அவர் காலை மறுபக்கம் போட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த தடவை பார்க்கும்போது கைகளை மட்டும் கவனியுங்கள். உடம்பு எங்கெங்கோ போய்வருகிறது, கைகள் வண்டியோடு பேசிக்கொண்டே இருக்கின்றன.

ஆனால் இந்த ஒரு காட்சிக்காக மட்டும் அவரை ஜாம்பவான் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தப்பிப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. இணையத்தில் அந்தக் காட்சி மட்டும் தனியாகச் சுற்றிவருவது எனக்கு வருத்தமாகக்கூட இருக்கிறது. 13 கிராண்ட் பிரி வெற்றிகள் அதற்குப் பின்னால் மறைந்துபோகின்றன.

1988-இல் அவர் எடுத்த முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முந்தைய ஆண்டுதான் உலகத்தில் இரண்டாவது ஆள், லாசனையே ஒரு புள்ளியில் முந்தி வந்தவர். அவர் போய்ச் சேர்ந்தது இத்தாலியின் கஜீவா அணியில். காஸ்டிலியோனி சகோதரர்களின் கம்பெனி. ஜப்பானிய ராட்சதர்களுக்கு எதிராக ஆசையும் பிடிவாதமுமாக 500 சிசியில் இறங்கி, அதுவரை ஒரு முறைகூட முதல் மூன்றுக்குள் வராதவர்கள். அந்த ஆண்டு ஸ்பாவில் மழை பெய்தது. மமோலா மூன்றாவதாக வந்தார். கஜீவாவின் முதல் மேடை அது. அதன் பிறகு அவருக்கு அங்கே பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் பின்தங்கிய வண்டியோடு போராடினார். வெற்றிக்கு வழியில்லாத நாளிலும் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கூட்டத்தைச் சந்தோஷப்படுத்திவிட்டுத்தான் போவார். 1992-இல் ஹங்கேரியில் கஜீவா தன் முதல் 500 சிசி வெற்றியைப் பெற்றது, ஓட்டியவர் எடி லாசன். அன்று மூன்றாமிடத்தில் ஒரு தனியார் அணியின் யமஹாவில் வந்தவர் மமோலா.

பிறகு ஆப்பிரிக்கா. இது ரேஸுக்கு வெளியே உள்ள விஷயம், நல்ல மனிதர் என்பதும் ஜாம்பவான் என்பதும் ஒன்றா என்று நண்பர் கேட்கக்கூடும். இதை வெறும் தர்மமாக என்னால் பார்க்க முடியவில்லை. 1980களின் பிற்பகுதியில் மமோலா குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு நிதி திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பணம் என்ன ஆகிறது என்று பார்க்க, பத்திரிகையாளர் பேரி கோல்மனோடு சோமாலியா போனார். அங்கே சுகாதாரப் பணிக்காக வாங்கிய மோட்டார் சைக்கிள்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ஆயில் மாற்றாதது, செயினை இறுக்காதது, சின்ன உதிரிப்பாகம் இல்லாதது. வண்டி நின்றுவிட்டதால் தடுப்பூசி கிராமத்துக்குப் போகவில்லை.

சாதாரண நன்கொடையாளர் இதைப் பார்த்தால் புது வண்டி வாங்கப் பணம் கொடுத்திருப்பார். பந்தயக் கொட்டகையில் வளர்ந்தவருக்கு வேறு ஒன்று தெரியும். அங்கே எந்தப் பாகத்தையும் உடைந்த பிறகு மாற்றுவதில்லை. பிஸ்டன் இத்தனை ஓட்டத்துக்கு, செயின் இத்தனை ஓட்டத்துக்கு என்று கணக்கு வைத்து, நன்றாக இருக்கும்போதே கழற்றிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆப்பிரிக்கக் கிராமச் சாலைக்குக் கொண்டுபோனதுதான் மமோலாவும் பேரி, ஆண்ட்ரியா கோல்மன் தம்பதியும் சேர்ந்து உருவாக்கிய ‘ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்’. சுகாதாரப் பணியாளருக்கு முதலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். கூடவே தினமும் காலையில் டயர், பிரேக், செயின், ஆயில், நட்டு போல்ட்டு பார்க்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். நாள் கணக்கு வைத்து மெக்கானிக் வருவார். லெசோத்தோ, காம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் நடந்தே போய்க்கொண்டிருந்தவர்கள் இப்படித்தான் தூரத்துக் கிராமங்களுக்குப் போனார்கள், ரத்த மாதிரியும் சளி மாதிரியும் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. இதற்கான பணத்தின் ஒரு பகுதி, பிரிட்டிஷ் கிராண்ட் பிரி சமயத்தில் ரேஸர்கள் தங்கள் ஹெல்மெட்டையும் கையுறையையும் ஏலத்துக்குக் கொடுத்துத் திரட்டியது. பந்தயத்திலிருந்து புறப்பட்டு, பந்தயக்காரர்களின் அறிவில் ஓடிய வேலை இது. அதனால்தான் அவருடைய பந்தய வாழ்க்கையிலிருந்து இதைப் பிரித்து வைக்க நான் மறுக்கிறேன். கோப்பைகளோடு சேர்த்து எண்ண வேண்டியது இது.

2018-இல் மோட்டோ ஜிபி நிர்வாகமே தன் ஜாம்பவான்கள் வரிசையில் மமோலாவைச் சேர்த்தது. உலகப் பட்டம் ஒன்றும் இல்லாத மனிதரை. இதை நான் பெரிய சான்றாக முன்வைக்கவில்லை. நிர்வாகங்கள் தாமதமாகத்தான் வந்து சேரும், ரசிகர்களும் சக வீரர்களும் அதற்குப் பல வருடம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

பெட்ரோசாவைப் பற்றி ஒரு திருத்தம். அவர் பட்டம் இல்லாதவர் இல்லை. 2003-இல் 125 சிசி, 2004, 2005-இல் 250 சிசி என்று மூன்று உலகப் பட்டங்கள் அவரிடம் உண்டு. மோட்டோ ஜிபி பிரிவில்தான் கிடைக்கவில்லை. அங்கே 31 பந்தயங்கள் ஜெயித்து மூன்று முறை இரண்டாமிடம் வந்தார். ஐம்பது கிலோவைச் சுற்றி எடையுள்ள மனிதர் அந்த ராட்சத வண்டியை வளைத்த விதம் தனியாக எழுத வேண்டிய விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன். அவரை இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசினால் இரு பக்கமும் குழப்பம்தான் மிஞ்சும்.

‘மமோலாவே பட்டத்தை விரும்பியிருப்பாரே’ என்று நண்பர் திருப்பிக் கேட்டால், ஆமாம், உயிரைக் கொடுத்து விரும்பியிருப்பார் என்று சொல்லுங்கள். இரண்டாமிடம் போதும் என்று நினைப்பவரால் எட்டு ஆண்டுகள் அந்த இடத்தில் நிற்க முடியாது. எனக்கும் 1987-இல் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் உண்டு. கார்ட்னருக்கு 178, அவருக்கு 158.

நண்பரிடம் 1994 சுசூகா பந்தயத்தை முழுதாக ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், ஆபே விழும் இடத்தை மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டாம். பார்த்த பிறகும் புள்ளிதான் கணக்கு என்று அவருக்குத் தோன்றினால் எனக்கு நேரடியாகவே எழுதட்டும். லாசனை முன்னிறுத்தி அவர் ஒரு நல்ல கட்டுரை எழுத முடியும் என்று நினைக்கிறேன். எழுதினால் இதே பக்கத்தில் மகிழ்ச்சியோடு வெளியிடுவேன்.

அன்புடன்